அசரீரிக்கு இரண்டு பேட்டரி

சூப்பர் ஃபாமிகாம் என்ற பழைய ஜப்பானிய கேம் பெட்டியில் ‘டிராகன் குவெஸ்ட் 5’ கேசட்டைச் செருகி இரண்டு மணி நேரம் ஆடிய பிறகுதான் எனக்கு அந்தச் சந்தேகமே வந்தது. இதை எங்கே சேவ் செய்வது? ஸ்டார்ட்டை அழுத்தினேன், செலக்டை அழுத்தினேன், இருக்கிற பட்டியலையெல்லாம் திறந்து மூடினேன். தானாகவே ஆகிவிடும் என்று நம்பி அணைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் போட்டபோது கதாநாயகன் மறுபடியும் பிறந்தான். சும்மா சொல்லவில்லை, அந்தக் கேம் தொடங்குவதே அவன் பிறப்பில்தான். அப்பா மறுபடியும் தவிப்போடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார், மறுபடியும் பெயர் வைக்கச் சொன்னார்.

ஹிராகனா எழுத்து அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் நாள் ஊர் ஊராக அலைந்தேன். தேவாலயத்தில் ஒரு பாதிரியார். பேச்சுக் கொடுத்தால் ஒரு பட்டியலை நீட்டுகிறார். எழுத்துக் கூட்டினேன். ஒன்று, விஷத்தை முறிப்பது. ஒன்று, சாபத்தை நீக்குவது. ஒன்று, செத்தவரை எழுப்புவது. அதற்குக் காணிக்கை உண்டு. ‘ஓட்சுகே’ என்று ஒன்று. அகராதியைப் புரட்டினால் நம் அருள்வாக்கேதான். அடுத்த படிக்கு ஏற இன்னும் எவ்வளவு அனுபவம் சேர்க்க வேண்டும் என்று தெய்வம் சொல்கிறதாம். சேவ் என்ற சொல்லுக்கு அருகில் வரும் எதுவுமே இல்லை. மிஞ்சியது ‘ஓஇநோரி ஓ சுரு’. பிரார்த்தனை செய்தல். வேறு வழியில்லாமல் பிரார்த்தித்தேன். எந்த ஏட்டில் எழுத வேண்டும் என்று பாதிரியார் கேட்டார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் சேவ் என்ற சொல் வழக்கொழிந்தது. “சாமி கும்பிட்டுட்டு வாங்க, தோசை ஆறுது” என்பாள் மனைவி. “அப்பா இன்னும் சாமி கும்பிடல” என்று மகள் காட்டிக்கொடுப்பாள்.

இந்தப் பழைய ஜப்பானியப் பெட்டிகளை வாங்குகிறவர்கள் வழக்கமாக ரசிப்பது படங்களை, இசையை, பிளாஸ்டிக்கின் நிறத்தை. எனக்குப் பித்துப் பிடித்தது வேறு இடத்தில்: சேவ் செய்யும் முறைகளில். அந்தக் காலத்து எந்திரங்களுக்கு நினைவு என்பது பரம தரித்திரம். அந்தத் தரித்திரத்தை ஒளிக்காமல், அதற்கு ஒரு பெயர் சூட்டி, கதைக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஓரிடத்தில் அதன் பெயர் உயிர்மீட்பு மந்திரம். இன்னோரிடத்தில் சாகச ஏடு. மூன்றாவது இடத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள், அசரீரி.

நம் ஊருக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு, அரைகுறை உறவு. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த ‘டிவி கேம்’ பெட்டிகளில் பல, சூப்பர் ஃபாமிகாமுக்கு முந்திய ஃபாமிகாமின் நகல்கள். செருகும் பொருளைக் கேசட் என்றோம். கார்ட்ரிட்ஜ் என்று பிற்பாடு திருத்திக்கொண்டவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. ஜப்பானியப் பிள்ளைகளும் ‘கசெட்டோ’ என்றுதான் சொன்னார்கள், சொல்கிறார்கள். அந்த நகல் கேசட்டுகளின் அட்டையில் லட்சக்கணக்கில் கேம் இருப்பதாகப் போட்டிருக்கும். உள்ளே நினைவு மட்டும் இருக்காது. கரண்ட் போனால் மரியோ பழையபடி முதல் கட்டத்தில் நிற்பான். சேவ் செய்யலாம் என்பதையே அறியாமல் வளர்ந்த தலைமுறை நாங்கள். அதனால்தானோ என்னவோ இந்தக் கிறுக்கு.

மந்திரத்திலிருந்து தொடங்குகிறேன். 1986 மே 27 அன்று முதல் ‘டிராகன் குவெஸ்ட்’ ஃபாமிகாமுக்கு வந்தது. யூஜி ஹோரி வடிவமைத்தது. கேசட்டுக்குள் எழுதிவைக்க இடம் இல்லை. ஆகவே அரசரிடம் போக வேண்டும். அவர் ‘ஃபுக்காட்சு நோ ஜூமொன்’ சொல்வார்: உயிர்மீட்பு மந்திரம். இருபது ஹிராகனா எழுத்துகள். ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று இடைவெளி விட்டுத் திரையில் வரும். முதல் மூன்று வரியும் ஹைக்கூவின் கணக்கு; கடைசி மூன்று எழுத்து, வெண்பாவின் ஈற்றடி குறுகுவதுபோலக் குறுகி நிற்கிறது. பொருள் கிடையாது, ஆனால் ஓசை உண்டு. வாய்விட்டுப் படித்தால் யாரோ உளறிய பாட்டு மாதிரியே இருக்கும்.

உளறல் இல்லை அது. பயன்படும் எழுத்துகள் சரியாக 64. அடிப்படை எழுத்து 44, மேலே இரு கோடு போட்டு ஒலி மாறும் எழுத்து 20. ஓர் எழுத்துக்கு ஆறு பிட் வீதம் இருபது எழுத்தில் 120 பிட், அதாவது பதினைந்து பைட். உங்கள் பெயரின் நான்கு எழுத்து, கையிலிருக்கும் தங்கம், சேர்த்த அனுபவம், வாள், கேடயம், மூலிகை எல்லாம் அந்தப் பதினைந்து பைட்டுக்குள் நெரித்து உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் எந்தக் காட்டில் நின்றீர்கள் என்பதற்கு இடம் போதவில்லை. அதனால் மந்திரம் சொல்லி உயிர்த்தெழுகிறவன் எப்போதும் அரசர் முன்னால்தான் எழுவான். கஞ்சத்தனத்தைச் சடங்காக மாற்றுவது என்றால் இதுதான்.

1989இல் அமெரிக்காவுக்குப் போன பதிப்பில் பேட்டரி வைத்துவிட்டார்கள்; மந்திரம் போயிற்று. ஆகவே இதைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானியக் கேசட்தான் வேண்டும். நான் எழுதித்தான் பார்த்தேன். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்கலாம், கல்யாணச் சாப்பாட்டையும் படம் எடுக்கலாம்.

எழுதும்போதுதான் தெரியும் அந்த எழுத்துகளின் குசும்பு. ‘நே’, ‘ரே’, ‘வா’ மூன்றும் ஒரே முகம். வால் மட்டும் வேறு. ‘மே’வுக்கும் ‘நு’வுக்கும் ஒரு சுழி வித்தியாசம். ‘ரு’வும் ‘ரோ’வும் அப்படியே. மங்கலான பழைய டிவியில் மேலே இருக்கும் இரண்டு கோடு தூசி மாதிரித் தெரியும். சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று வைக்காமல் விட்டு, கவும் க்கும் ஒன்றாகிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நாம் பாடபேதம் என்று படித்திருக்கிறோம். ஜப்பானில் அதே பாட்டைப் பத்து வயதுப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு பட்டார்கள். ஓர் எழுத்துப் பிழைத்தால் போதும். மந்திரம் தவறு என்று இயந்திரம் ஒரே வரியில் முடித்துவிடும். எந்த எழுத்து என்று சொல்லாது. நானும் ஒருமுறை இருபதில் சந்தேகமான மூன்று எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு நள்ளிரவில் தேறினேன். எந்தப் பேயையும் அதற்கு முன் அவ்வளவு பொறுமையாக நான் எதிர்கொண்டதில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்த இரண்டாம் பாகம் கொடுமையின் உச்சம். அதில் கதாபாத்திரங்கள் மூவர். ஆள் சேரச் சேர மந்திரமும் நீளும்; 52 எழுத்து வரைக்கும் போகும். போதாததற்கு ஒலிமாற்றும் இரண்டு கோடும் உண்டு, சிறு வட்டமும் உண்டு. ‘பா’வில் வருவது கோடா வட்டமா என்று டிவிக்கு மூக்கை ஒட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தத் தண்டனைக்கு இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா ஒரு பரிகாரம் செய்திருக்கிறார். மந்திரத்தை உள்ளிடும் திரைக்கு என்றே ஒரு மெட்டு. போர் முரசு கிடையாது, கோட்டை எக்காளம் கிடையாது. யாரையோ தேடிக் காத்திருக்கிறவர் முணுமுணுப்பது போன்ற மென்மையான காதல் பாட்டு. ‘லவ் சாங் சகாஷிதே’ என்று அது தனிப்பாடலாகவும் வந்தது. இந்தத் தொடரின் இசையில் எதை வேண்டுமானாலும் விட்டுத்தருவேன், இதைத் தரமாட்டேன். ஐம்பத்திரண்டு எழுத்தைத் தேடித் தேடி அழுத்தும் ஒருவனின் சலிப்பை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, அந்தச் சலிப்பின் தோளில் கைபோட ஒரு மெட்டு அமைத்திருக்கிறாரே! மந்திரம் சுருக்கமாக இருந்திருந்தால் இந்தப் பாட்டைக் கேட்க நமக்கு நேரம் இருந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தயாரித்தவர்களின் பெயர்களையும் புனைபெயர்களையும் சரம்போலக் கோத்து, இறுதியில் ‘பெ’ என்ற எழுத்தை வரிசையாக நிரப்பினால் அதுவும் செல்லுபடியாகும் மந்திரம்தான். 48ஆம் படியில் நிற்கும் வீரன் ஒருவன் எழுந்து வருவான். அவன் பெயர் ‘மோயோமோதோ’ போல ஏதோ. ஜப்பானிய நாக்கே திணறும் எழுத்துச் சேர்க்கை. ஒரு தலைமுறை முழுக்க அந்த மந்திரத்தை மனப்பாடம் செய்திருந்தது.

ஃபாமிகாமுக்கு 1986 பிப்ரவரி 21இல் வந்த டிஸ்க் சிஸ்டம் இந்தப் பாட்டையெல்லாம் தீர்த்திருக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் சின்ன வட்டு. எழுதலாம், அழிக்கலாம், அன்று கடைக்கு எடுத்துப்போய் 500 யென் கொடுத்தால் அதே வட்டில் வேறு கேம் ஏற்றித் தந்தார்கள். அன்றே வெளியான ‘செல்டா’ அதில்தான் சேவ் ஆனது. அதிலும் ஒரு கூத்து. தனியாள் ஆடும் கேம். ஆனால் சாகாமல் சேவ் செய்ய வேண்டுமென்றால் பொருட்பட்டியலைத் திறந்துவைத்து, இரண்டாம் ஆளின் கன்ட்ரோலரை எடுத்து, மேல் அம்புக்குறியையும் ஏ பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். கையேட்டைப் படிக்காதவன் சாவதைத் தவிர வேறு வழி அறியான். இன்று அந்த டிரைவை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் காலத்தால் இளகிக் களிம்பாகியிருக்கும். முதல் சேவுக்கு முன்னால் முதல் பெல்ட்.

1988 பிப்ரவரி 10. ‘டிராகன் குவெஸ்ட் 3’. கேசட்டுக்குள்ளேயே காசு போல ஒரு லித்தியம் பேட்டரி. அது சொட்டுச் சொட்டாக ஊட்டும் மின்சாரத்தில் விழித்திருக்கும் ஒரு நினைவுச் சிப். மந்திரத்துக்கு விடுமுறை. இப்போது அரசர் ‘போகென் நோ ஷோ’வில் எழுதிக்கொள்கிறார்: சாகச ஏடு. மூன்று ஏடுகள். பிறகு அணைக்கும்போது ஒரு கட்டளை வரும்: ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவரை அணைக்கவும்.

ஏன் என்று நெடுநாள் புரியாமல் செய்தேன், கோயிலில் எல்லோரும் செய்வதைப் பார்த்துச் செய்வதுபோல. காரணம் அழகானது. மின்சாரம் வடிந்து உயிர் போகும் அந்தக் கணத்தில் மையச் சிப்புக்குப் புத்தி தடுமாறும். எழுதக் கூடாத இடத்தில் எதையாவது கிறுக்கிவிடும். ரீசெட்டை அழுத்திப் பிடித்திருந்தால் அது கைகட்டி நிற்கும், ஏடு பிழைக்கும். ஃபாமிகாமில் பவர் இடது ஓரத்தில், ரீசெட் வலது ஓரத்தில். ஆக, இரண்டு கையும் வேண்டும். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, வலது விரலால் அழுத்தி, இடது விரலால் இழுத்து, மெதுவாக விட வேண்டும். ஆடி முடித்தவனை வணங்கவைத்த வேறு எந்திரத்தை நான் பார்த்ததில்லை.

அவ்வளவு செய்தும் ஏடு அழியும். திரை கறுத்து, உங்கள் ஏடு அழிந்துவிட்டது என்று வருத்தத்துடன் ஒரு வரி வரும். கூடவே ஓர் ஓசை. கேமுக்குள் சபிக்கப்பட்ட வாளை அறியாமல் எடுத்து மாட்டிக்கொண்டால் ஒலிக்கும் அதே ஓசை. ஒரு தொழில்நுட்பக் கோளாறைச் சொல்வதற்குச் சாபத்தின் சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்தவரை என்ன சொல்ல! இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்த ஓசையைக் கேட்டால் முகம் வெளிறும் ஜப்பானியர்கள் இருக்கிறார்கள். எனக்கும் இப்போது அந்த வியாதி தொற்றிக்கொண்டது.

என் செல்லம் என்றால் பிசி எஞ்சின்தான். ஹட்சனும் என்இசியும் சேர்ந்து 1987 அக்டோபர் 30இல் கொண்டுவந்த குட்டிப் பெட்டி. அதன் கேம்கள் கேசட்டில் வருவதில்லை. ஏடிஎம் கார்டு அளவுள்ள ஹூகார்டில் வரும். அழகோ அழகு. ஆனால் அந்த மெலிந்த உடம்பில் பேட்டரியை எங்கே வைப்பது? எனவே பெட்டியின் முதுகில் மாட்டிக்கொள்ள 1989இல் ஒரு துணைப்பெட்டி விற்றார்கள். அதன் பெயர் ‘தென் நோ கொயே 2’. தென் என்றால் வானம், கொயே என்றால் குரல். தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டிய வேலையே இல்லை, அசரீரி. அந்த அசரீரிக்கு இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அதேதான். முதல்முறை மூடியைத் திறந்து பிளஸ் மைனஸ் பார்த்துப் போட்டபோது, ஆகாயவாணிக்குச் சோறு ஊட்டுகிற பெருமிதம் எனக்கு.

அசரீரியின் மொத்த நினைவு 2 கிலோபைட். 2048 பைட். கணினியில் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், கொம்போ காலோ சேர்ந்தால் ஆறு. நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரையில் ஒரு பத்தி நுழையலாம், மறு பத்தி வாசலில் நிற்கும். 1988 டிசம்பரில் இதே பெட்டிக்கு சிடி ரோம் டிரைவ் வந்தது. கேம் ஆட சிடி என்பது உலகுக்கே அப்போதுதான் புதிது. ஒரு வட்டில் ஐந்நூறு மெகாபைட்டுக்கு மேல் கொள்ளும். மனிதக் குரல், முழு இசைக்குழு, எல்லாம் உண்டு. ஆனால் சிடியில் எழுத முடியாது. ஆகவே டிரைவோடு வந்த இணைப்புப் பெட்டிக்குள்ளும் அதே 2 கிலோபைட்டை வைத்தார்கள். அரண்மனை கட்டிவிட்டு, சாவி மாட்ட ஓர் ஆணி.

அதுவும் பேட்டரி ஆணி இல்லை. உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர். பெட்டி ஓடும்போது மின்சாரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அணைத்த பிறகு அந்த இருப்பில் சில வாரங்கள் நினைவைக் காக்கும். அதற்குள் நீங்கள் மறுபடி வந்து போட்டால் மறுபடி குடிக்கும். வராவிட்டால் மறந்துவிடும். எண்ணெய் ஊற்ற ஆள் வரும்வரை எரியும் விளக்கு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் ‘ஈஸ்’ கேம் முதலிலிருந்துதான். பட்ட பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடாவிட்டாலும் கொஞ்ச நேரம் பெட்டியைப் போட்டுவைப்பேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரிசையில் அதுவும் ஒன்று.

இன்னொரு சங்கதி, அந்த 2 கிலோபைட் எல்லா சிடி கேம்களுக்கும் பொது. நிரம்பினால் எதையாவது அழித்தால்தான் புதியதற்கு இடம். தொடக்கத் திரையில் செலக்டை அழுத்தினால் இருப்புப் பட்டியல் வரும். எந்தக் கேமைக் கைவிடுவது? ஒண்டிக்குடித்தனத்தில் விருந்தாளி வந்த கதைதான். பிற்பாடு ‘தென் நோ கொயே பேங்க்’ என்று ஒரு கார்டு வந்தது. இதே அளவில் நான்கு அறை. அசரீரிக்கு ஒரு வங்கி லாக்கர்.

பிளேஸ்டேஷன் காலத்துக்கு வந்தால் எல்லாம் வசதி. மெமரி கார்டு, பதினைந்து கட்டம், ஒவ்வொரு சேவுக்கும் ஆடும் ஒரு குட்டிப் படம். ரசிக்க அந்தப் படம் மட்டும்தான். இறக்குமதிப் பெட்டியில் ஆடுகிறவர்களுக்கு ஒரு குழி உண்டு: ஜப்பானில் வட்டம் என்றால் ஆம், பெருக்கல் குறி என்றால் இல்லை. அங்கே ஆசிரியர் சரியான விடைக்கு வட்டம் போடுவார். நமக்கோ விடைத்தாளில் சிவப்பு வட்டம் விழுந்தால் அங்கே தப்பு என்று பொருள். முதல் வாரம் முழுக்க நான் சேவ் செய்யவா என்ற கேள்விக்கு மரியாதையாக வேண்டாம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சேகா சாட்டர்னைப் பற்றி ஒரே வரி: உள்ளிருக்கும் பேட்டரி தீர்ந்தால் சேவும் போய், ஒவ்வொரு முறையும் இன்று என்ன தேதி என்று கேட்கும், மறதிக்காரப் பெரியப்பா போல.

பழைய கேசட்டுகளை வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘டிராகன் குவெஸ்ட் 5’ 1992 செப்டம்பரில் வந்தது. என் கைக்கு வந்த பிரதியில் பேட்டரிக்கு இன்னும் உயிர் இருந்தது. முதல் நாள் நான் கவனிக்கவே இல்லை. பாதிரியார் எந்த ஏட்டில் எழுதட்டும் என்று கேட்டபோதுதான் பார்த்தேன். முதல் ஏட்டில் ஏற்கெனவே ஒரு பெயர். நான்கு ஹிராகனா எழுத்து. யாரோ ஒரு பிள்ளை. இப்போது நடுவயது தாண்டியிருக்கும். என் பெயரை மூன்றாம் ஏட்டில் எழுதச் சொன்னேன், ரயிலில் காலி பெர்த் தேடிப் படுப்பதுபோல.

கேமை முடித்த பிறகு பேட்டரியை நினைத்துக் கவலை வந்தது. கேசட்டைத் திறக்கச் சாதாரணத் திருப்புளி உதவாது, 3.8 மில்லிமீட்டர் பிட் தனியாக வாங்கினேன். மல்டிமீட்டர் காட்டிய எண் இனி அதிக நாள் தாங்காது என்றது. பேட்டரியைக் கழற்றிய மறுகணம் சிப் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒரு தந்திரம் இருக்கிறது: புதிய பேட்டரி போடும்வரை வெளியிலிருந்து வேறொரு மின்சாரத்தை அதே பிளஸ் மைனஸில் பற்றவைத்து ஊட்டிக்கொண்டே இருப்பது. மூன்று வோல்ட் போதும். பிசி எஞ்சினின் முதுகிலிருந்து அசரீரியின் இரண்டு பென்சில் பேட்டரியைக் கழற்றினேன். அதில் அப்போது காக்க வேண்டிய சேவ் எதுவும் இல்லை. மகள் டார்ச் பிடித்தாள். சால்டரிங் புகையில் இருவருக்கும் கண் எரிந்தது. பழையது வந்தது, புதியது உட்கார்ந்தது, கடைசியாகக் கடன் வாங்கிய கம்பிகளை எடுத்தேன்.

போட்டுப் பார்த்தோம். சாப ஓசை வரவில்லை. நான்கு எழுத்தும் இருந்தன. அதுவரை செய்யாத ஒன்றை அன்று செய்தேன். முதல் ஏட்டைத் திறந்தேன். அந்தப் பிள்ளை கடைசியாகப் பிரார்த்தித்த தேவாலயத்தில் கதாநாயகன் நிற்கிறான். பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள், மகனும் மகளும். மனைவி இல்லை. கதை தெரிந்தவர்களுக்கு அர்த்தம் புரியும்: அவள் இன்னும் எங்கோ கல்லாக நிற்கிறாள், அகலிகை மாதிரி. தேடிப் போகும் வழியில் ஏதோ ஒரு நாள் அந்தப் பிள்ளை ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறது.

“நாம போய்க் காப்பாத்தலாமாப்பா?” என்றாள் மகள்.

பாதிரியார் எதிரேதான் நின்றார். நான் சாமி கும்பிடாமலே அணைத்தேன்.